இரு வாயில்கள்

ஓலைச்சுவடியின் ஏடுகளில் இடப்பக்க ஓரத்தே ஏட்டெண் பொறித்திருப்பர். கயிறு நைந்து ஏடுகள் சிதறினாலும், அவ்வெண்ணை நோக்கி அவற்றை மீண்டும் நிரலாகக் கோத்துவிடலாம். எண்ணை நோக்காது, நீளம் ஒத்த ஏடுகளையெல்லாம் ஒருங்கு சேர்த்து, நுனிகள் ஒருசீராய் நிற்குமாறு கட்டிவைப்பான் ஒருவன் உளனாயின், அவன் கையில் பார்வைக்கு இனிய சுவடி ஒன்று இருக்கும். படிப்பதற்கு நூல் இராது.

கணினியிற் சேமித்து வைக்கும் ஆவணத்தை இக்காலத்தார் ‘கோப்பு’ என வழங்குகின்றனர். கோத்தல் என்னும் வினையின் வழிப் பிறந்த சொல் அது. பெயரிட்டோர் சுவடிக் கயிற்றை நினைந்து இட்டனரோ இலரோ, பெயர் பொருத்தமானதுதான். கணினியினுள்ளும் கோப்பைப் பிறவற்றோடு பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலின், அறும்போதும் ஓசை எழுவதில்லை. ஒரு வீட்டில் அது அறுந்த செய்தி இது.

சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரியும் அம்மையார் ஒருவர், உழவுத் தொழிலுக்குரிய பழஞ்சொற்களை ஆராய்ந்து வந்தார். ஏற்றம், கமலை, மதகு, தூம்பு, பரம்பு முதலான சொற்கள் எந்நூலில் எப்பொருளில் வழங்கின என்று காண்பதே அவர் நோக்கம். பகற்பொழுது பள்ளிக்கு உரியது. இரவு உணவுக்குப் பின்னரே ஆராய்ச்சிக்கு நேரம் வாய்க்கும். இலக்கியங்கள், கல்வெட்டுத் தொகுதிகள், அகராதிகள், பழைய இதழ்கள் என ஐந்தாண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள் அவர் கணினியிற் சேர்ந்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தட்டெழுதி வழங்கிய நூல்கள் சில. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து பெற்றவை பல. ஊர் ஊராகச் சென்று கைப்பேசியால் தாமே படம் எடுத்துச் சேர்த்தவையும் உண்டு.

இத்துணைக் கோப்புகளையும் ஆள்வதற்கு அவர் கைக்கொண்ட மென்பொருள் ஸோட்டெரோ என்பது. அமெரிக்க நாட்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாறும் புதிய ஊடகமும் குறித்து ஆய்வோர் 2006ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். விலையின்றிக் கிடைப்பது. அல்பேனிய மொழியில் ‘தன்வயப்படுத்துதல்’ என்னும் பொருள்படும் சொல்லைத் தழுவி அப்பெயரை அமைத்தனர். ஒரு நூலை அதனிடம் ஒப்படைத்தால் அது இரண்டு செயல்களைச் செய்யும். கோப்பைத் தன் களஞ்சியத்தில் ஓரிடத்தில் வைக்கும். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் முதலிய குறிப்புகளையும், கோப்பு இருக்கும் இடத்தையும் தன் தரவுத்தளத்திற் பதியும். பொருளும் பதிவும் ஆக, இரண்டு.

கோப்பை வைக்கும் முறைதான் புதியவரைத் திகைக்கச் செய்வது. ஒவ்வொரு கோப்புக்கும் தனியே ஒரு கோப்புறை. அதற்கு இடும் பெயரோ, ஆங்கிலப் பேரெழுத்தும் எண்ணும் விரவிய எட்டுக் குறிகள். அவ்வெட்டையும் கூட்டிப் படித்தால் எம்மொழியிலும் பொருள் தாரா. புறநானூற்று உரை ஓர் அறையில் இருக்கும். அடுத்த அறையில் நெல்வகை பற்றிய அரசாங்க அறிக்கை இருக்கும். இனம் இனமாக வைக்கலாகாதோ எனத் தோன்றும். ஒரு நூல் இலக்கியத்துக்கும் உரியது, வேளாண்மைக்கும் உரியது என்றால் அதனை எவ்வறையில் வைப்பது? இன்று ஒரு பெயரால் அறியப்படும் நூலுக்கு நாளை வேறு பெயர் இடநேர்ந்தால் என் செய்வது? பெயர் மாறும், பகுப்பு மாறும், குறி மாறாது. ஒரே பெயருடைய இரு கோப்புகளும் வெவ்வேறு அறைகளில் இருத்தலின் ஒன்றோடொன்று மோதுவதில்லை. இக்கடைசிச் செய்தி பின்னர்ப் பயன்படும்.

இனிச் சொல்லடைவு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல்கள் பலவற்றின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பகராதியும் அரும்பத அகராதியும் இருக்கக் காணலாம். ஓர் அரிய சொல்லைத் தேடுபவர் நூல் முழுவதையும் புரட்ட வேண்டா. அகராதி காட்டும் பக்கத்தைத் திறந்தாற் போதும். ஸோட்டெரோ போன்ற மென்பொருள்கள் எல்லாச் சொற்களுக்கும் அவ்வாறு அடைவு செய்துவைக்கின்றன. கோப்பு வந்து சேர்ந்தவுடன் அதனை ஒருமுறை படித்து, எச்சொல் எக்கோப்பில் உளது என்று குறித்துக்கொள்ளும். பின்னர் ஒருவர் ‘கமலை’ என்று எழுதித் தேடினால், இயந்திரம் ஆயிரம் நூல்களையும் விரித்துப் பார்ப்பதில்லை; தன் குறிப்பை மட்டுமே பார்க்கிறது. அது விரைந்து விடை தருவதற்குக் காரணம் இது. சிலபோது பொய் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இப்பொய்யை அம்மையார் முன்பே சிறிது அறிந்திருந்தார். பெரிய நூல் ஒன்றில் 200ஆம் பக்கத்துக்கு அப்பால் ‘கமலை’ என்னும் சொல்லைத் தம் கண்ணாற் கண்டிருந்தார். ஒருநாள் தேடியபோது அந்நூல் வரவில்லை. பி.டி.எஃப். கோப்பு எவ்வளவு பெரிதாயினும், வழக்கமான அமைப்பில் அதன் முதல் 100 பக்கங்களையே மென்பொருள் படிக்கும் என்பது பின்னரே தெரியவந்தது. அவ்வெண்ணை உயர்த்தி, அடைவை மீண்டும் ஆக்கச் செய்தார். நூல் வந்தது. வேறு சில நூல்கள் அதன் பின்னும் வரவில்லை. அவை ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி முதலிய எழுத்துருக்களால் அச்சிட்டவை. திரையில் தமிழாகத் தோன்றும் அவை, உள்ளே ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியுமாகவே இருப்பன. கண்ணுக்குக் ‘கமலை’, அடைவுக்கு ஏதோ ஒரு குழறல். தமிழில் ஆராய்ச்சி செய்வோர் இன்றும் படும் இத்தொல்லையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

இத்தகைய களஞ்சியத்துள் புகுவதற்கு வாயில்கள் இரண்டு. மென்பொருளைத் திறந்து, பட்டியலில் நூற்பெயரைக் கண்டு, அதன்மேற் சுட்டியை இருமுறை அழுத்துவது ஒரு வாயில். கணினியின் கோப்புறைகளைத் திறந்துகாட்டும் கோப்பு உலாவியின் வழியே களஞ்சியத்துள் நேரே இறங்கி, எட்டுக் குறி அறையைத் திறந்து, கோப்பை எடுப்பது மற்றொன்று. முதல் வாயிலிலிருந்து இரண்டாம் வாயிலுக்குச் செல்ல வழி உண்டு. நூற்பெயரின்மீது வலப்பொத்தானை அழுத்தி, கோப்பைக் காட்டுமாறு பணித்தால், உலாவி அவ்வறையையே திறந்து நிறுத்தும். இரண்டாம் வாயிலில் நிற்பவர்க்கோ, முதல் வாயில் இருக்கிறது என்பதற்கே அடையாளம் இல்லை. அங்கே கோப்பை அழுத்தினால், பி.டி.எஃப். படிக்கும் வேறொரு செயலி எழுந்து அதனைத் திறக்கும். ஸோட்டெரோவுக்கு அச்செய்தி தெரியாது.

படிப்பதற்கு எவ்வாயிலும் தீங்கற்றது. ஆயினும் இரண்டின் வழியும் காணப்படுவது ஒன்றன்று. 2022இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு முதல் ஸோட்டெரோவின் உள்ளேயே நூலைத் திறந்து படிக்கவும், வரிகளுக்கு நிறம் தீட்டவும், ஓரக் குறிப்பு எழுதவும் இயலும். அந்நிறமும் குறிப்பும் கோப்பினுள் எழுதப்படுவதில்லை, தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. கோப்பு வந்தவாறே தூயதாக இருக்கும். அம்மையார் ஒரு கல்வெட்டுத் தொகுதியில் இருவாரம் உழைத்து மஞ்சள் தீட்டி, உலாவியின் வழியே அக்கோப்பை எடுத்துத் தம் நெறியாளர்க்கு மின்னஞ்சலில் விடுத்தார். மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“அம்மா, நீங்கள் குறித்த இடங்களைப் பார்க்கச் சொன்னீர்கள். குறித்த இடம் ஒன்றையும் காணோமே!”

“ஐயா, நான் 60 இடங்களுக்கு மேல் குறித்திருக்கிறேன்.”

“என் கண்ணில்தான் கோளாறோ என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.”

குறிப்புகளையும் சேர்த்துக் கோப்பினுள் எழுதி வெளியே தருமாறு மென்பொருளைப் பணிக்கும் வகை ஒன்று உண்டு. அதனை அன்று கற்றார். அவ்வளவில் அது நகைப்புக்குரிய நிகழ்ச்சியாய் முடிந்தது. அடுத்தது அவ்வாறு முடியவில்லை.

வணிகவியல் பயிலும் தம்பி கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். நல்ல பிள்ளை, ஓரிடத்தில் சும்மா இராதவன், அடுக்களையில் டப்பாக்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டியவன் அவனே. ஒருநாள் பிற்பகல், அக்காள் பள்ளித் தேர்வு வேலையாய் வெளியே சென்றிருந்தபோது, குடும்பப் படம் ஒன்றைத் தேடிக் கணினியின் கோப்பு உலாவியைத் திறந்தான். களஞ்சியம் கண்ணிற் பட்டது. ஆயிரம் அறைகள், ஓர் அறைக்கும் பெயர் இல்லை. உள்ளே பார்த்தால் அக்காளின் அரிய நூல்கள்! இப்படிக் கிடக்கின்றனவே என்று இரங்கினான். இலக்கியம், கல்வெட்டு, வேளாண்மை, இதழ் எனத் தமிழிற் பெயரிட்டு நான்கு கோப்புறைகள் அமைத்தான். நான்கு மணி நேரம் இருந்த இடம் விட்டு எழாமல் ஒவ்வொரு கோப்பாக எடுத்து அவற்றில் வைத்தான். நீண்ட பெயர்களைச் சுருக்கினான். பார்த்தவர் யாரும் மெச்சியிருப்பர்.

மாலையில் அக்காள் வந்ததும் கையைப் பற்றி இழுத்துச் சென்று காட்டினான். அவர் ஒன்றும் கூறவில்லை. நாற்காலியில் அமர்ந்து ஸோட்டெரோவைத் திறந்தார். பட்டியல் முன்போலவே இருந்தது. ‘கமலை’ எனத் தேடினார். அச்சொல்லை உடைய நூல்களின் பெயர்கள் வழக்கம்போல் நிரல்பட வந்தன. ஒன்றை அழுத்தினார். கோப்பைக் காண இயலவில்லை என்று திரை கூறியது. இன்னொன்றை அழுத்தினார். அதே விடை. அடைவு எல்லாவற்றையும் அறிந்திருந்தது. ஒன்றையும் கொண்டுவந்து தர அதனால் ஆகவில்லை.

“அக்கா, ஒரு கோப்பைக்கூட நான் அழிக்கவில்லை. எல்லாம் இங்கேதான் இருக்கின்றன” என்றான் தம்பி.

“இருக்கின்றன, தம்பி. எங்கே இருக்கின்றன என்று இதற்குத் தெரியாதே.”

“நான்தான் பெயர் எழுதி வைத்திருக்கிறேனே!”

“நூல்நிலையத்தில் எடுத்த நூலை அலமாரியில் வைக்க வேண்டா, மேசைமேலேயே விட்டுச் செல்லுங்கள் என்று எழுதி வைத்திருப்பார்களே, பார்த்திருக்கிறாயா?”

“பார்த்திருக்கிறேன். பணியாளர்க்கு வேலை வேண்டுமே என்பதற்காக இருக்கும்.”

அக்காள் சிரித்துவிட்டார். அழுகை வரவேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு அது. மேசைமேற் கிடக்கும் நூலைப் பணியாளர் காண்பார். அன்போடு தவறான அலமாரியில் அடுக்கிய நூலை ஒருவரும் காணார். தம்பிக்கு முகம் வாடியது. குற்றம் முழுவதும் அவனுடையது அன்று. களஞ்சியத்தின் முகப்பில், ‘இங்குள்ளவற்றைக் கையால் இடம் மாற்றற்க’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் மென்பொருள் செய்தோர்க்கு என்ன குறைந்துவிடும்? எட்டுக் குறி இட்ட அறைகளைக் கண்டு குப்பை என்று எண்ணாதவர் அரியர்.

அம்மையாரிடம் புறவட்டு ஒன்றில் அம்மாதம் முதல் நாள் எடுத்த படி இருந்தது. இணையவழிச் சேமிப்பில் விலையின்றித் தரப்படும் இடம் 300 மெகாபைட். படமெடுத்த நூல்களுக்கு அது போதாது என்பதால் புறவட்டை வைத்திருந்தார். தம்பி உயிர் வந்தாற்போல எழுந்து, “அக்கா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய படியை அப்படியே இதில் ஏற்றிவிடுவோம்” என்றான்.

“பொறு. முதல் தேதிக்குப் பின் மூன்று வாரம் நான் படித்துக் குறித்தவை எங்கே இருக்கின்றன?”

“கோப்பில்... இல்லை, தரவுத்தளத்தில்.”

“அது கெடாமல் இருக்கிறது. பழைய தரவுத்தளத்தை ஏற்றினால் அந்த மூன்று வாரமும் போய்விடும். கோப்புகளை மட்டும் பழைய இடத்திற் கொண்டுவந்து வைப்போம். பதிவு புதியதாகவே இருக்கட்டும்.”

அவ்வாறே செய்தனர். முதலில் தரவுத்தளத்துக்கு ஒரு படி எடுத்துப் பத்திரப்படுத்தினர். பிறகு புறவட்டிலிருந்து எட்டுக் குறி அறைகளைப் பழைய இடத்தில் இட்டனர். நூல்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. மஞ்சள் வரிகள் தத்தம் இடங்களில் நின்றன. அம்மாதத்திற் புதிதாகச் சேர்ந்த 41 கோப்புகளே எஞ்சின. அவை புறவட்டில் இல்லை. தம்பியின் நான்கு கோப்புறைகளில் புதுப்பெயரோடு கலந்திருந்தன. பட்டியலில் ஒன்றை அழுத்துவதும், காணவில்லை என்று அது கூறும்போது, இதோ எனக் கோப்பைக் காட்டிக்கொடுப்பதுமாக இருவரும் நள்ளிரவு வரை இருந்தனர். 40 முடிந்தன. ஒன்று முடியவில்லை.

அவ்வொன்றின் கதை இது. சில நாள் முன்பு அம்மையார், முதிய உழவர் ஒருவர் வீட்டில் பழைய சிறுநூல்கள் இரண்டைக் கைப்பேசியாற் படமெடுத்து வந்திருந்தார். ஒன்று மாட்டு வாகடம். மற்றது நீரிறைக்கும் கருவிகளைப் பற்றியது. கைப்பேசிச் செயலி இரண்டுக்கும் ‘ஆவணம்’ என்றே பெயர் இட்டிருந்தது. களைப்பு மிகுதியால் நூற்குறிப்பு எழுதாமல் அப்படியே ஸோட்டெரோவிற் சேர்த்துவிட்டார். அஃது அவர் பிழை. வெவ்வேறு அறையில் இருந்தவரை அவ்விரண்டும் இனிது வாழ்ந்தன. தம்பி இரண்டையும் வேளாண்மைக் கோப்புறையில் வைக்க முயன்றபோது, அப்பெயரில் ஒரு கோப்பு முன்பே இருக்கிறது, அதன் இடத்தில் இதனை வைக்கலாமா என்று உலாவி வினவியது. ஒன்றே இருமுறை கிடக்கிறது போலும் என்று எண்ணி, ஆம் என்றான். மாட்டு வாகடம் பிழைத்தது. மற்றது போயிற்று. ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்ட கோப்பு, கணினியின் குப்பைத் தொட்டிக்குக்கூடச் செல்வதில்லை.

தம்பியால் பேச இயலவில்லை. அம்மையார், அந்நூல் இருந்த எட்டுக் குறி அறையைத் திறந்தார். வெறுமையாய்த் தோன்றியது. மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டுமாறு உலாவியைப் பணித்தார். புள்ளியிற் பெயர் தொடங்கும் சிறு கோப்பு ஒன்று உள்ளே இருந்தது. அடைவு செய்வதற்காக நூலின் சொற்களைப் பிரித்தெடுத்தபோது மென்பொருள் எழுதிவைத்த படி அது. தம்பி கண்ணிற் படாமையால் அவன் ஒழுங்கிலிருந்து தப்பியது. கைப்பேசிச் செயலி படத்திலிருந்து எழுத்தை உணர்ந்து வைத்திருந்தமையின் சொற்கள் கிடைத்தன. ‘ள’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ன’ இருந்தது. வரிகள் முன்பின்னாய்க் கிடந்தன. கருவிகளின் வரைபடங்கள் அறவே இல்லை. ஆயினும் கமலையின் வால்தோலையும் வடத்தையும் பற்றிய பகுதி ஓரளவு படிக்கும்படி இருந்தது.

இரண்டாம் வாயிலை அடைத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று சிலர் எண்ணக்கூடும். அம்மையார் அவ்வாறு எண்ணவில்லை. மென்பொருள் என்றும் இருப்பதன்று. செய்தவர் கைவிட்டால் அது மறையும். பட்டியலும் அடைவும் அதனோடு மறையக்கூடும். அந்நாளில் கோப்பு உலாவி ஒன்றே துணை. எட்டுக் குறி அறைகளில் இருப்பினும் நூல்கள் யாவும் எவ்வகைச் செயலியாலும் திறக்கத்தக்க வழக்கமான கோப்புகளே என்பது அவருக்கு ஆறுதலாய் இருந்தது. அதனால் அன்றுமுதல், படித்து முடித்த நூலை மாதந்தோறும் குறிப்புகளோடு சேர்த்துப் படி எடுத்து வேறிடத்தில் வைக்கலானார். தம்பி அமைத்த நான்கு கோப்புறைகள் வீண்போகவில்லை. அப்படிகளை வைக்கும் இடமாய் அவை அமைந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் முதற்பேருந்தில் அவ்வூருக்குச் சென்றனர். முதியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். வந்த காரணத்தைக் கேட்டு, “கணினியிலே தொலையுமா அம்மா?” என்று வியந்தார். உள்ளே சென்று, மஞ்சட்பையிலிருந்து சிறுநூலை எடுத்துவந்து தம்பியின் கையில் வைத்தார். அவன் திண்ணை வெயிலில் ஒவ்வொரு பக்கமாக விரித்துப் படம் எடுத்தான். வரைபடங்களை இருமுறை எடுத்தான். வீடு திரும்பியதும் கைப்பேசியை அக்காளிடம் நீட்டினான்.

“நீயே சேர்த்துவிடேன்” என்றார் அவர்.

தம்பி ஸோட்டெரோவைத் திறந்தான். கோப்பைச் சேர்க்குமுன், நூற்பெயரையும், அச்சகத்தின் பெயரையும், உடையவர் ஊரையும் எழுத்துப் பிழையின்றி ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினான்.